கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு சோற்றுப் பிள்ளையார்

எங்கள் ஆய்வகத்து ஜப்பானிய நண்பருக்கு அன்று காலையிலிருந்து வேலையே ஓடவில்லை. ஒசாகாவில் அவர் மனைவிக்கு குறித்த நாளுக்கு முந்தியே பிரசவ வலி கண்டுவிட்டது. இவருடைய விமானமோ அடுத்த வாரம்தான். கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பார், உடனே நிமிர்த்துவார். பார்க்கச் சகிக்காமல் நானும், எங்களுடன் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்காவும் அவரைச் சாப்பாட்டு நேரத்தில் நகரப் பூங்காவுக்கு இழுத்துப்போனோம். அங்கே ஜப்பானியத் தோட்டத்துக்குள் சின்னதாக ஒரு ஷிண்டோ கோயில் இருக்கிறது.

பழக்க தோஷம், நானும் அக்காவும் ஷூவைக் கழற்றிவிட்டோம். அவரும் எங்களைப் பார்த்துக் கழற்றினார். அவர்கள் ஊரில் வெளியில் நின்று கும்பிட யாரும் கழற்றுவதில்லையாம், பிறகுதான் சொன்னார். இரண்டு முறை குனிந்தார், இரண்டு முறை கை தட்டினார், சாப்பிடக் கொண்டுவந்திருந்த சோற்று உருண்டைகளில் ஒன்றைப் படைத்தார்.

"உள்ளுக்க ஆர் சாமி?" என்று என்னிடம் கேட்டாள் அக்கா. ஜெர்மனில் அவரிடம் கேட்டேன். தெரியாது என்றார். பிறப்புக்கு இந்த மாதிரிக் கோயில், இறப்புக்குப் புத்தர் கோயில், எங்கள் வீட்டில் யாரும் குழப்பிக்கொள்வதில்லை என்றார்.

"அது சரி," என்றாள் அக்கா. "நானும் இங்கத்தைய கேவலார் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துறனான்தானே. ஆர் இருந்தாலும் முதல்ல பிள்ளையாரைக் கும்பிடவேணும்."

"அக்கா, இங்க பிள்ளையாருக்கு எங்க போறது?"

"பிடிச்சா வாறார்."

அவரிடம் மிச்சமிருந்த உருண்டையைக் கேட்டு வாங்கினாள். அதைச் சுற்றியிருந்த கடற்பாசித் தாளை உரித்தாள், சோற்றைக் கூம்பாகப் பிடித்தாள், உச்சியில் ஒரு புல். பிறகு காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட ஆரம்பித்தாள். நானும் போட்டேன். நண்பர் எங்களைப் பார்த்தார், கைகளை மாற்றிக் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். எங்களைவிட வேகமாக.

நடுவில் அவர் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது.

"முடிச்சிட்டு எடுக்கச் சொல்லு பிள்ளை," என்றாள் அக்கா.

அதற்குள் எடுத்துவிட்டார். திரையில் மனைவி, அவள் தோளில் சிவந்து சுருங்கிய ஒரு முகம். பெண் குழந்தை. அவருக்கு அழுகை, சிரிப்பு, மேல்மூச்சு எல்லாம் ஒன்றாக வந்தன. மனைவி ஏதோ கேட்டாள். ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்கிறாள் என்று எங்களுக்குச் சொன்னவர், கைப்பேசியை எங்கள் பக்கம் திருப்பினார். அக்கா தயங்கவே இல்லை. காதைப் பிடித்துக்கொண்டு ஒசாகாவுக்கே ஒன்று போட்டுக் காட்டினாள்.