பழைய மோட்டார் பெட்டியில் குடிவந்தவர்கள்

சிட்டுக்குருவிக்காக ஆன்லைனில் நான் வாங்கிய கூட்டுப்பெட்டி அழகுதான். தகரக் கூரை, பெரிய வாசல், வாசல் முன்னால் உட்காரக் குச்சி. ஒரு குருவியும் எட்டிப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எலக்ட்ரீஷியன். தோட்டத்துச் சுவரில் ஒயர் பிடுங்கிய பழைய மோட்டார் சுவிட்ச் பெட்டி ஒன்று, மரத்தில் செய்தது, சும்மா கிடந்தது. இன்று காலை அதைக் கழற்றப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாங்க?"

"சத்தம் போடாத. உள்ள குஞ்சு கத்திக்கினு இருக்குது."

தாய்க்குருவி வந்தது. ஒயர் போன ஓட்டைக்குள், அதன் உடம்புக்கு அளவெடுத்துத் துளைத்ததுபோல் நுழைந்தது.

அந்த ஓட்டையில் காக்கா தலையை விட முடியாது. வேறு எதுவும் வந்து உட்காரக் குச்சி இல்லை. நாள் முழுக்க நிழல். நான் பெட்டியின் நிறத்தைப் பார்த்து வாங்கினேன். இத்தனையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க இந்தக் கைப்பிடியளவு உயிருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அவர் பையிலிருந்து, கம்பெனியில் ரிப்பேரின்போது மாட்டும் சிவப்பு அட்டையை எடுத்துத் தொங்கவிட்டார்: 'ஆட்கள் வேலை செய்கிறார்கள். தொடாதீர்கள்.'

"எப்பங்க கழட்டுவீங்க?"

"வேல செய்றவங்க முடிச்சிட்டோம்னு சொன்னாதான் கழட்டணும். அதான் ரூல்."

தகரக் கூரைப் பெட்டியை என்ன செய்யலாம்? குருவியைக் கேட்டுப் பெட்டி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.