முப்பத்தாறு சந்தனப் பொட்டு

கூரை ஏறிப் பிழைத்த காலம் அது. சோலார் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, முதலில் ஒரு கடற்கரைப் பட்டணத்தில் தொழில் பழகினேன். வீடு, கடை, மீன் வாடி என்று ஊரெல்லாம் பேனல் பூட்டினோம். உப்புக் காற்றில் ஆணி துருப்பிடிப்பதைத் தவிர அங்கே பெரிய தொல்லை கிடையாது. ஒருநாள் மேலாளர் கூப்பிட்டு, "நீ தோட்டத்துப் பிள்ளைதானே, உங்க ஆளுங்ககிட்ட நீயே பேசிக்கோ" என்று சொல்லி என்னை மலைத் தோட்டங்கள் நிறைந்த தெரணியகலைப் பக்கம் தள்ளிவிட்டார். மோட்டார் சைக்கிள் ஒன்றும் கொடுத்தார்கள். கரண்டுக் கம்பி வராத லயங்களுக்கெல்லாம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கெல்லாம், அதில்தான் போய்வருவேன். சிங்களவர்கள் என்னைச் 'சோலா மாத்தயா' என்றார்கள், சோலார் ஐயா என்று அர்த்தம். நம் ஆட்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இருபத்தைந்து வயதில் மாத்தயா என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

தோட்டத்தில் வேலை லேசில்லை. லயத்துக் கூரை தோட்டத்துக்குச் சொந்தம். ஓர் ஆணி அடிப்பதென்றாலும் தோட்ட நிர்வாகியான பெரிய துரையிடம் கேட்க வேண்டும். "ஓட்டை போட்டால் ஒழுகும்" என்பார் துரை. ஒழுகாத லயத்தை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அதைச் சொல்ல வாய்வரை வரும், விழுங்கிவிடுவேன். அதனால் கூரையை விட்டுவிட்டு, வாசலில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓர் இரும்புக் குழாய் நட்டு அதன் தலையில் பேனலைப் பூட்டுவேன். ஸ்டூல் போட்டு ஏறினால் யாருக்கும் எட்டும். அது எவ்வளவு பெரிய வினை என்று அப்போது எனக்குத் தெரியாது.

றப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் வெட்டும் அண்ணன் ஒருவருக்கு அப்படித்தான் பூட்டிக் கொடுத்தேன். இரண்டு லைட்டு, ஒரு ரேடியோ, கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு வயர். அவருடைய சம்சாரம் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தது. கைபேசியும் அது அனுப்பியதுதான். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு, அந்த வீட்டு ஆண்கள் தொழுகைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அது கூப்பிடும். வாரத்துக்கு ஒரே ஒரு தடவைதான்.

சரஸ்வதி பூசை முடிந்து பத்து நாள் இருக்கும். வியாழன் சாயங்காலம் அந்தத் தோட்டத்துப் பக்கம் ஓடும் பஸ்ஸின் கண்டக்டர் வந்து, "உங்க பால்வெட்டுக்காரர் கையோடு வரச் சொன்னார், ஆள் அழாத குறை" என்றான். மறுநாள் பதினொரு மணிக்கு அந்த லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். நாலு நாள் தாடி.

"தம்பி, லைட்டு எரியல, போனு செத்துப்போச்சு. இன்னைக்கி ரெண்டு மணிக்கு அவ எடுப்பா. எப்பிடியாச்சும் உயிரு குடுங்க" என்றார்.

"ஒரு வாரம் தவறுனா என்னண்ணே, அடுத்த வெள்ளி பேசிக்கலாமே?"

"அய்யோ, இன்னைக்கித்தான் தம்பி கடைசி. அவளுக்கு அக்ரிமெண்ட் முடியுது. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி அவ வேலை செய்யிற வீட்டு அம்மா நிக்கிதாம். நாளைக்குள்ள முடிவு சொல்லணும். போன வாரம் 'நான் என்னங்க செய்ய'ன்னு கேட்டா. நான் 'உன் இஷ்டம்'னு சொல்லிட்டேன். அதுலருந்து எனக்குச் சோறு எறங்கல."

"உங்க இஷ்டம் என்ன?"

"வரணும்னுதான். வேற என்ன?"

தோட்டத்து பாக்டரியில் போய்ச் சார்ஜ் ஏற்றலாமே என்றேன். காற்றுக்கு மரம் விழுந்து மூன்று நாளாய் பாக்டரிக்கும் கரண்ட் இல்லை, டவுனுக்கும் இல்லை. எனக்கோ அப்போது கைபேசியே கிடையாது. சரி, நம் பேனலைப் பார்ப்போம் என்று ஸ்டூலில் ஏறினேன்.

அட கடவுளே! பேனல் என்றால் நீலக் கண்ணாடிக்குள் முப்பத்தாறு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் தோசை ஊற்றியதுபோல் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். மேலிருந்து கீழ்வரை மூன்று வரிசை விபூதிப் பட்டை. போதாததற்கு வாடிப்போன செவ்வந்தி மாலை குறுக்கே கிடந்தது. வெயில் நுழைய ஒரு விரற்கடை இடமில்லை.

"யாரு செஞ்ச வேலை இது?"

"நான்தான் தம்பி. பூசைக்குப் பால் வெட்டுற கத்திக்கு வச்சேன், ரேடியோவுக்கு வச்சேன். பாக்டரியில அம்மாம் பெரிய மெசினுக்கே வைக்கிறாங்க. இதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

"ஒண்ணு வச்சாப் போதாதா? முப்பத்தாறு எதுக்கு?"

"ஒரு கட்டத்துக்கு வச்சு ஒரு கட்டத்த விடலாமா? மறுநாளே லைட்டு மங்கிச்சு. எதோ கொறை வச்சுட்டோம்னு விபூதியும் போட்டேன். இன்னும் மங்கிச்சு. தெனம் சூடம் காட்டுனேன் தம்பி, ஒரு நாள் தவறல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "சாமி கும்பிட்டுச் சாமிக்கே கண்ணக் கட்டிட்டீங்களேண்ணே!" என்று கத்தினேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "நீங்கதான பூட்டின அன்னைக்கி, சாமி மாதிரி பாத்துக்கங்கன்னு சொன்னீங்க" என்றார்.

சொன்னேன்தான். எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்வேன். ஈரத் துணியால் துடையுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேனே தவிர, மேலே எதையும் பூசாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் லயத்தில் பிறந்தவன், பூசைக்கு தேயிலைச் செடி நறுக்கும் என் அப்பாவின் கவ்வாத்துக் கத்திக்குப் பொட்டு வைத்தவன். எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்! வாயை மூடிக்கொண்டு துடைக்க ஆரம்பித்தேன்.

பத்து நாள் வெயிலில் காய்ந்த சந்தனம் சிமெந்து மாதிரி இறுகிக் கிடந்தது. சுரண்டினால் கண்ணாடி கீறும். ஈரத் துணி போட்டு ஊறவைத்து, அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாய்த் தேய்த்தோம். ஒவ்வொரு பொட்டை அழிக்கும்போதும் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முடிக்கப் பன்னிரண்டரை ஆனது. கண்ணாடி பளபளத்தது. சூரியன்தான் இல்லை. மலைப்பக்கமிருந்து கறுகறுவென்று மேகம் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் இருந்த பெட்டரியோ அடிமட்டம். அதன்மேல் பூட்டிய பெட்டியில் சிவப்பு விளக்கு போனால்தான் கரண்டை வெளியே விடும், அது போவதாயில்லை. மணி ஒன்று, ஒன்றரை. அண்ணன் வானத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். அந்தப் பார்வை தாங்காமல்தான் எனக்குப் புத்தி வந்தது என்று நினைக்கிறேன். படியிறங்கி ஓடி, ரோட்டில் நின்ற மோட்டார் சைக்கிளின் பெட்டரியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தேன். சார்ஜர் வயரை வெட்டி அதன் தலையில் முறுக்கினேன். ஐந்து நிமிடத்தில் கைபேசி கண் திறந்தது.

"வந்துருச்சு! தம்பி, வந்துருச்சு!" என்று அண்ணன் குதித்தார். உடனே நின்றார். "ஆனா இங்க சிக்னல் இல்ல. தண்ணி புடிக்கிற பீலிக்குப் போவணும்."

வயரைக் கழற்றிப் பார்த்தேன், கைபேசி அணைந்தது. மாட்டினேன், எரிந்தது. வேறு வழி? அவர் கைபேசியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, ஒரு முழ வயரின் மறுமுனையில் பெட்டரியை ஏந்திக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். சாமி தூக்கிப் போவது போலத்தான் இருந்திருக்கும். பக்கத்துத் தேயிலை மலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் பீலியில் குடத்தோடு நின்றார்கள். எங்களைக் கண்டதும் ஒரே சிரிப்பு. "மாத்தயா, மால எங்க?" என்றாள் ஒருத்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டுவதற்குள் கைபேசி மணி அடித்தது.

"ஹலோ" என்றார் அண்ணன்.

வயர் நீளம் அவ்வளவுதான். அவர் காதோடு என் காதும் இருந்தது. அந்தப் பக்கம் பேசுவது முழுக்கக் கேட்டது.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"ம்."

"மழையா?"

"வரும்போல."

"அந்தம்மா கேட்டுக்கிட்டே இருக்குங்க. நாளைக்குச் சொல்லணும்."

"ம்."

அவ்வளவுதான். காலையிலிருந்து என் உயிரை வாங்கிய மனுசனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள். அவருக்குக் காது சிவந்து, நெற்றியெல்லாம் வேர்த்தது. முகத்தைப் பார்த்தால் அடுத்து 'உன் இஷ்டம்'தான் வரப்போகிறது என்று தெரிந்தது.

எனக்குக் கை கடுத்தது, வயிற்றில் பசி, சந்தனம் தேய்த்த எரிச்சல் வேறு. "அட, வரச் சொல்லுய்யா!" என்று கத்திவிட்டேன்.

"யாருங்க அது?"

"லைட்டு பூட்டுன தம்பி."

"என்ன சொல்றாரு?"

"ஒன்ன வரச் சொல்றாரு."

அது மெதுவாகக் கேட்டது: "அவரு சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

மழை சடசடவென்று பக்கத்து லயத்துத் தகரத்தில் விழத் தொடங்கியது. ஒருத்தரும் நகரவில்லை. அண்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வந்துரு புள்ள," என்றார். "நீ இல்லாம முடியல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வயர் கழன்றுவிட்டதோ என்று பதறிக் குனிந்து பார்த்தேன். கழலவில்லை. அழுகிற சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அது சொன்னது: "இந்த ஒரு வார்த்தைக்குத்தாங்க வாராவாரம் போன் எடுத்தேன்."