மாவுக்குப் போன சூடு

பேட்டரியில் பதினோரு சதவீதம் மிச்சம் என்றால் எத்தனை நிமிடம் என்று என் லேப்டாப்பைக் காட்டி யாராவது கேட்டால், யோசிக்காமல் சொல்லிவிடுவேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தால் எட்டு. கேமரா இல்லை, திரையின் வெளிச்சத்தையும் கண் வலிக்கிற அளவுக்குக் குறைத்துவிட்டேன் என்றால் பத்து. அந்தக் கணக்கைப் படிக்க நான்கு நாள் ஆனது. அதற்குப் பதில் வீட்டில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

தாராவியில் எங்கள் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. நடுவில் இரும்பு ஏணி. கீழே கிரைண்டரும் இட்லி அண்டாவும் அம்மாவும். மேலே நாங்கள் படுக்கிற இடம், என் புத்தகங்கள், லேப்டாப். அம்மா மத்தியானம் இரண்டு மணிக்கு மாவாட்ட உட்கார்ந்தால் எழுந்திருக்க ஐந்தாகும். விடிவதற்குள் அவித்துக் கொடுத்தால், அப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் போவார். இரண்டு மணி என்பதை மாற்ற முடியாது. காலையிலேயே ஆட்டி வைத்தால் மறுநாள் விடிவதற்குள் மாவு புளித்து வழிந்துவிடும். நேரம் கழித்து ஆட்டினால் பொங்காது.

எங்கள் வீட்டு மின்சாரம் சந்துக்கு வெளியே இருக்கிற ஒரு பெட்டியிலிருந்து நான்கு வீடு தாண்டி மெல்லிய வயரில் வருகிறது. கிரைண்டர் ஓடும்போது டியூப்லைட்டே விட்டு விட்டுத்தான் எரியும். ஒருமுறை அந்த நேரத்தில் சார்ஜரைச் செருகி, அதன் விளக்கு மினுக்கி மினுக்கி, கடைசியில் சார்ஜரே கருகிப்போனது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம்: கிரைண்டர் ஓடினால் லேப்டாப்புக்குக் கரண்ட் கிடையாது.

அந்த லேப்டாப்பை மாட்டுங்காவில் ஒரு சாரிடம் வாங்கினோம். ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவிக்கு முட்டி வலி என்பதால் வீட்டில் மாவாட்டுவதை நிறுத்தி, அப்பாவிடம் தினமும் எட்டு இட்லி வாங்குவார்கள். நான் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன் என்று கேள்விப்பட்டு, "என்கிட்ட ஒண்ணு சும்மாதான் இருக்கு, பையனுக்கு எடுத்துண்டு போங்கோ" என்று மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். வந்த புதிதில் நான்கு மணி நேரம் நின்றது. அப்பா சந்து முழுக்கச் சொன்னார்: "எம்மவன் கம்ப்யூட்டரு கரண்டே இல்லாம நாலு மணி நேரம் ஓடுதுடே!"

அந்த ஜனவரியில் கொஞ்சம் குளிர் அதிகம். மூன்று நாள் தொடர்ந்து மாவு பொங்கவில்லை. சயானில் ஓர் ஆட்டோக்காரர் இட்லியை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்து, "அண்ணே, இத வச்சு ஆணி அடிக்கலாம்" என்றாராம். அம்மா மாவு அண்டாவுக்குக் கோணிச்சாக்கைச் சுற்றிப் பார்த்தாள், பழைய போர்வையைச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், பாய் விரிப்பதற்காக என் லேப்டாப்பைத் தூக்கி ஓரமாக வைத்தவள் கையை உதறினாள்.

"என்னல இது, பாலு காய்ச்சலாம் போலருக்கே!"

யோசனை அவளுடையது இல்லை. அதை இங்கே எழுதிவிட வேண்டும். என்னுடையது. அண்டாவை ஏணி வழியாக மேலே ஏற்றி, கோணியால் சுற்றி, கோணியின் மடிப்புக்குள் லேப்டாப்பைச் செருகியது நான். சார்ஜரைப் போட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, நல்ல சூடு வரட்டும் என்று ஒரு நீளமான வீடியோவை முழு வெளிச்சத்தில் ஓடவிட்டதும் நான். காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அம்மா என் கன்னத்தை மாவுக் கையாலேயே கிள்ளினாள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"எய்யா, படிச்சவன் படிச்சவன்தான்! நாங்க கோணியச் சுத்திக்கிட்டு கெடந்தோம்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன். பன்னிரண்டு வருடப் பள்ளியும் மூன்று வருடக் கல்லூரியும் எதற்கு என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் இதற்குத்தான் என்று எதையும் என்னால் காட்ட முடிந்ததும் இல்லை. முதல் தடவையாக என் படிப்பால் வீட்டுக்கு ஒன்று நடந்திருக்கிறது, அதுவும் எல்லோரும் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி. பிப்ரவரியில் குளிர் போய்விட்டது. கோணியே தேவையில்லை. நான் மட்டும் மார்ச் வரைக்கும் லேப்டாப்பைச் செருகிக்கொண்டே இருந்தேன். உள்ளே அதன் காற்றாடி கத்தும். இரண்டு முறை சூடு தாங்காமல் தானாகவே அணைந்தது. மறுபடி போட்டேன்.

மே மாதம் பேட்டரி இரண்டு மணி நேரமாக இறங்கியது. ஜூனில் முக்கால் மணி நேரம். அப்பாதான் முதலில் கவனித்தார்.

"என்னல, எப்ப பாத்தாலும் வயரோடயே கெடக்கு? நாலு மணி நேரம் ஓடும்னு சொன்னாருல்லா?"

"செகண்ட் ஹேண்டுன்னா அப்படித்தாம்ப்பா."

அவ்வளவுதான் சொன்னேன். சொல்லும்போது பொய் மாதிரிகூடத் தெரியவில்லை. ஆனால் அப்பாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். செகண்ட் ஹேண்ட் என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறாரே.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்பெனியிலிருந்து ஆன்லைன் தேர்வுக்கு அழைப்பு வந்தது. சனிக்கிழமை மூன்று மணி முதல் நான்கரை வரை. கேமரா முழு நேரமும் ஓட வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, பேசக்கூடாது, எழுந்து போகக்கூடாது. நடுவில் தொடர்பு அறுந்தால் அதோடு சரி. கையில் நான்கு நாள் இருந்தது. மூன்றிலிருந்து நான்கரை என்பது கிரைண்டர் நேரம்.

வடாலாவில் லேப்டாப் ரிப்பேர் செய்கிற ஒரு பாயிடம் எடுத்துக்கொண்டு போனேன். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். ஏதோ ஒரு கட்டளையைத் தட்டி, பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று திரையில் காட்டினார். பாதிகூட இல்லை.

"தம்பி, இது வயசுனால போனது மாதிரி தெரியல. சூட்டுல கெடந்துச்சா? மெத்தை, தலகாணி மேல வச்சு ஓட்டுவியா?"

"இல்ல பாய்."

"கார்ல வெயில்ல வச்சிட்டுப் போனியா?"

"எங்ககிட்ட ஏது பாய் காரு."

அவர் சிரித்தார். அண்டாவைப் பற்றி அவருக்குக் கேட்கத் தெரியாதே. இந்த மாடலுக்குப் புது பேட்டரி வரப் பத்து நாளாகும் என்றார். சனிக்கிழமைத் தேர்வைச் சொன்னதும், "டென்ஷன் ஆகாத, இருக்குறத இழுத்துப் புடிப்போம்" என்று விரலை மடக்கத் தொடங்கினார். திரை வெளிச்சத்தைக் குறை. கீபோர்டு விளக்கை அணை. புளூடூத்தை நிறுத்து. தேர்வுப் பக்கம் தவிர வேறு எதுவும் திறந்திருக்கக்கூடாது, பின்னால் தானாக ஓடுகிறவற்றையும் மூடு. மவுஸைப் பிடுங்கு. துணி மேல் வைக்காதே, பலகை மேல் வை. முழுக்க ஏற்றியதும் தூங்க வைக்காதே, ஷட்டவுன் செய்துவிடு.

"முக்கியமா, சூடு ஏறாம பாத்துக்க. பேட்டரிக்கு சூடுதான் எமன்."

புதன்கிழமை வீட்டில் ஒத்திகை பார்த்தேன். கேமரா இல்லாமல் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் வந்தது. முக்கால் மணி நேரத்தை அங்கே கொண்டு வந்ததில் எனக்கே பெருமை. வியாழக்கிழமை கேமராவோடு பார்த்தேன். ஒரு மணி பத்து. அதற்கு மேல் எதைக் குறைப்பது என்று தெரியவில்லை. அடியில் ஈரத்துணி விரித்த எவர்சில்வர் தட்டைக்கூட வைத்துப் பார்த்தேன், இட்லித் தட்டுதான். இரண்டு நிமிடம்கூட அதிகம் வரவில்லை. இருபது நிமிடம் இடித்துக்கொண்டே நின்றது.

கிரைண்டரை அரை மணி நேரம் நிறுத்தச் சொன்னால் தீர்ந்தது. கேட்டால் ஏன் என்பாள். ஏன் என்றால் பேட்டரி நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் தட்டில் ஈரத்துணி விரித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை இட்லி விற்றுவிட்டு வந்த அப்பா, சைக்கிளைச் சாத்தும்போதே சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

"நல்லா கேட்டுட்டேன்ல அந்தாள. 'என்ன சார், படிக்கிற புள்ளைக்கிட்ட ஓட்டப் பெட்டியத் தள்ளிவிட்டுட்டீங்களே, நாளைக்கு அவனுக்குப் பரீட்சை'ன்னு வாசல்ல வச்சே கேட்டேன். வாட்ச்மேன், பால்காரன் எல்லாம் நிக்கான்."

"அவரு என்ன சொன்னாரு?" என்று அம்மா கேட்டாள்.

"என்ன சொல்லுவாரு? 'என்கிட்ட இருந்தவரைக்கும் நன்னாத்தானே ஓடிண்டிருந்தது'ன்னு முழிக்காரு. உள்ள இருந்து அந்தம்மா, நாளையிலருந்து இட்லி வேண்டாம்னுட்டு. போனா போவுது! எட்டு இட்லிதானே?"

நான் ஏணியின் பாதியில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். அப்பா எனக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்த சந்தோஷத்தில் இருந்தார். சட்டையின் பித்தானைக் கழற்றி விசிறிக்கொண்டு, என்னைப் பார்த்து, "நீ ஒண்ணும் கவலப்படாத, படி" என்றார். மேலே ஏறிப் போய்விட்டேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு நூறு சதவீதம் ஏற்றி அணைத்து வைத்தேன். கீழே கிரைண்டர் ஓடத் தொடங்கியது. இரண்டே முக்கால் வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு இறங்கினேன். அம்மா உளுந்துக்குத் தண்ணீர் தெளித்துக் கையால் வழித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாலு மணிக்கு இத நிறுத்தணும். அரை மணி நேரம்."

"எதுக்குல?"

"பேட்டரி அது வரைக்கும்தான் நிக்கும்."

"அந்த மனுசன் இப்படி ஒரு பீத்தலத் தந்து..."

"அவரு இல்லம்மா. நான்தான். ஜனவரியில அண்டாகிட்ட வச்சம்லா, அந்தச் சூட்டுல போச்சு. குளிரு போன பொறவும் வச்சேன். தெரிஞ்சேதான் வச்சேன்."

கிரைண்டர் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதா என்று ஒரு நிமிடம் சந்தேகமாக இருந்தது. கையை மாவிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"கூறுகெட்டவனே. நேத்து உங்கப்பா அந்த வாசல்ல போயி கத்திட்டு வந்திருக்காரே, அப்ப உன் வாயில என்னல இருந்துச்சு?"

நான் ஏணிக் கம்பியைப் பிடித்தேன்.

"மேல போ. மணியாவுது."

நிறுத்துவேன் என்றோ மாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை.

மூன்று மணிக்குத் தேர்வு திறந்தது. கேள்விகளைப் பார்க்கிற அளவுக்கு மூலையிலிருந்த எண்ணையும் பார்த்தேன். மூன்றரைக்கு ஐம்பத்தேழு. நான்கு மணிக்குப் பதினான்கு. கீழே கிரைண்டர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. கூப்பிட முடியாது, வாயைத் திறந்தால் கேமரா பிடித்துவிடும். பதினொன்று. சார்ஜரின் முனையை இடது கையில் பிடித்தபடி வலது கையால் விடைகளைத் தட்டினேன். எட்டு. ஒரு கேள்வியை மூன்று தடவை படித்தும் என்ன கேட்கிறார்கள் என்று புரியவில்லை. ஆறு. இன்னும் நான்கு நிமிடம்.

அப்போது கிரைண்டர் நின்றது. மேலே டியூப்லைட் சட்டென்று பளிச்சென்று எரிந்தது. சார்ஜரைச் செருகினேன். பச்சை விளக்கு ஆடாமல் நின்றது. நான்கரைக்கு முடித்துவிட்டு இறங்கினால் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"உளுந்த வழிக்காம எப்படி நிறுத்த? பாதியில நின்னா கல்லு சுத்தாது," என்றாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் நானே சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தன்னுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு, "வாட்ச்மேன் முன்னால கேட்டுட்டனல," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை அவர் சைக்கிளைத் தள்ள, நான் கூடவே நடந்து மாட்டுங்கா போனேன். சார் கதவைப் பாதி திறந்தார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசவில்லை.

"ஜனவரியிலயா?"

"ஆமா சார்."

"அப்போ நாங்க சாப்பிட்ட இட்லி?"

"அந்த மாவுதான் சார்."

அவர் உதட்டோரத்தில் ஏதோ வந்தது, சிரிப்பாகவும் இருக்கலாம். உள்ளேயிருந்து, "யாருன்னா?" என்று குரல் கேட்டதும் அது போய்விட்டது. அப்பா கையைக் கூப்பி, "சார், முந்தாநேத்து பேசுனத மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"பரவாயில்லப்பா. ஆனா ஆத்துல இட்லிக்கு வேற ஒருத்தர்கிட்ட சொல்லியாச்சு. நான் என்ன பண்ணட்டும்," என்றார் சார். என்னைப் பார்த்து, "பரீட்சை எழுதினியா?" என்றார். எழுதினேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.

தேர்வில் அடுத்த சுற்றுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாக மெயில் வந்தது. புது பேட்டரியும் வந்துவிட்டது, மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது. இருந்தும் திரையின் வெளிச்சத்தை ஏற்ற எனக்குக் கை வரவில்லை. அப்பா இன்றைக்கும் எட்டு இட்லியைத் தனியாக ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறார். அந்தக் கட்டடத்துக்கு முன்னால் சைக்கிளில் கட்டிய ரப்பர் ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டுக் கொஞ்சம் நிற்பாராம். மத்தியானம் அந்தப் பொட்டலம் பிரிக்காமல் வீட்டுக்குத் திரும்பி வரும். அம்மா அதை என் தட்டில்தான் வைக்கிறாள்.