அக்காவின் கோழிக் குழம்பும் ஒரு பி.சி.ஆர். முடிவும்

தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்த பச்சைக் கோடு திடீரென்று மேலேறிய அந்த மதியம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பி.சி.ஆர். இயந்திரத்தின் திரையில் கோடு ஏறினால், அந்த உணவில் சால்மொனெல்லா கிருமியின் டி.என்.ஏ. இருக்கிறது என்று பொருள். எங்கள் ஆய்வகத்தில் மாதிரிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். நான் சோதித்தது அக்காவின் கோழிக் குழம்பு என்பது மாலைவரை எனக்குத் தெரியாது.

விவேக் நகரில் வெளியூர்ப் பையன்கள் தங்கும் ஒரு பி.ஜி.யில் சமைத்துக்கொண்டிருந்தவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வேலூரிலிருந்து வந்த புதிதில் நானும் அங்கேதான் தங்கினேன். என்னைப் பெங்களூரில் நிலைக்க வைத்தது சம்பளமல்ல, அவர் கைமணம். "ஊட்டா ஆச்சா தம்பி?" என்று, சாப்பாடு ஆயிற்றா என்பதைப் பாதிக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவார். ஆனால் யார் பசியென்று அடுப்படியில் வந்து நின்றாலும் குழம்பை அவசரப்பட்டு இறக்கமாட்டார். "கோழி வேகறதுக்குள்ள உங்க உசுரு ஒண்ணும் போய்டாது, போய் உக்காருங்கடா" என்று விரட்டுவார்.

அந்த வாரம் பையன்கள் பலருக்கு வாந்தி, பேதி. பி.ஜி. உரிமையாளர் குழம்பையும் தொட்டித் தண்ணீரையும் எங்கள் ஆய்வக வரவேற்பில் கொண்டுவந்து கொடுத்தார். குழம்பின் முடிவு அன்றைக்கே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கிருமியை முதலில் வளர்த்தெடுக்க நேரமில்லாததால் குழம்பிலிருந்து நேரடியாகவே டி.என்.ஏ. பிரித்தோம். இதில் ஒரு சங்கடம் உண்டு. செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் அந்தப் பச்சைக் கோட்டை ஏற்றிவிடும். உயிரோடு இருக்கிறதா என்பது கிருமிக்கான ஊட்டக் கலவை ஊற்றிய ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும், அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். 'இது இறுதி முடிவல்ல' என்று எழுதித்தான் அனுப்பினோம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. 'இருக்கிறது' என்ற சொல்லுக்கு மேல் அவர் படிக்கவில்லை. அன்று மாலையே பையன்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அக்காவை வெளியே அனுப்பினார். அவர்களில் ஒருவன் போனில் சொன்னபோதுதான் நான் சோதித்தது யார் குழம்பென்று தெரிந்தது.

தட்டுகளின் முடிவு வந்தது. குழம்பில் உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை, தண்ணீரில்தான் வளர்ந்திருந்தது. கடைக் கோழியோடு வந்ததை அக்காவின் அடுப்பு கொன்றுவிட்டது. நன்றாக வேகவைத்ததற்கான அத்தாட்சியைக் காட்டியே அவரைத் துரத்தியிருக்கிறார்கள்.

ஜீவனஹள்ளியில் அவர் வீட்டைத் தேடிப் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். உரிமையாளரே திரும்பக் கூப்பிடுகிறார் என்றும் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செத்ததோ பொழைச்சதோ, அத வுடு தம்பி. என் கொழம்புல அது இருந்துச்சா, இல்லியா?" என்றார்.

எனக்குப் பொய் வரவில்லை. "இருந்துச்சுக்கா" என்றேன்.

அவர் திரும்பப் போகவில்லை. இப்போது ஒரு துணிக்கடையில் புடவை மடித்து வைக்கிறார். போன மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். ஊருக்கே ஆக்கிப் போட்ட கை, ஆனால் சமையலுக்கு வெளியாள். பந்தியில் நான் உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "பயப்படாம சாப்புடு தம்பி. நான் ஒண்ணத்தையும் தொடல."