சுவரில் இருப்பது விற்பனைக்கு இல்லை

கீழ் வீட்டு டீச்சர்தான் அந்த அதிகாரியை மாடிக்கு அழைத்து வந்தார். டீச்சர் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். சாந்தோம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். முட்டிவலி காரணமாக மாடி ஏறுவதே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் படிக்கட்டின் கீழே நின்று கைதட்டுவார். அன்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, மூச்சு வாங்கியபடி வாசலில் நின்றார்.

"ஜிஎஸ்டி ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கார்மா. இங்க ஒரு கடை இருக்காமே, அதப் பார்க்கணுமாம்."

கடை என்ற சொல் கேட்டதும் எனக்குப் பின்னால் என் மகளுடைய அறையின் தாழ்ப்பாள் விழுந்தது.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு பரீட்சை நாளன்று அவள் கல்லூரி வாசல் வரை போய், உள்ளே நுழைய முடியாமல் திரும்பி வந்தாள். வந்தவள் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்தக் கதவு அப்படியே இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வெளியே வைப்பேன். சில நாள் தட்டு காலியாகும், சில நாள் ஆகாது. அவள் அப்பா வேலை பார்ப்பது வெளியூரில். மாதம் ஒருமுறை வந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். மருத்துவர் மாத்திரை கொடுத்தார், பொறுமையாக இருங்கள் என்றார். பொறுமையாக இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

அவளை வெளியே கொண்டு வந்தது ஒரு பொம்மைக் கார். தி.நகரில் மாதச் சாமான் வாங்கப் போகும்போது, என்னவோ தோன்றி அவளும் உடன் வந்தாள். பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது அது. விரல் நீளம், மஞ்சள் நிறம், அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள். அவள் அதை எடுத்துக் கூடையில் போட்டாள். அடுத்த வாரம், "அங்க மறுபடி போலாமாம்மா?" என்று அவளாகவே கேட்டாள். பிறகு தனியாகப் போக ஆரம்பித்தாள். அடையாற்றில் ஒரு ஸ்டேஷனரி கடை, பாண்டி பஜாரில் ஒரு பொம்மைக் கடை. எந்தக் கடையில் எந்தக் கிழமை புதுப் பெட்டி பிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் கார் சேர்ப்பவர்கள் கூடுவார்கள். பெட்ஷீட்டை விரித்துக் கார்களைப் பரப்பி, மாற்றிக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஓட்டிக்கொண்டு கிடப்பார்கள். என் பெண் அங்கே உட்கார்ந்து சிரிப்பதை நான் ஒரு தடவை தூரத்தில் நின்று பார்த்தேன். கிட்டே போகவில்லை.

அவர்களுக்குள் சில வழக்கங்கள் உண்டு. அட்டையைப் பிரிக்கக் கூடாது. இன்னொரு ஊரில் ஒருவர் தேடிக்கொண்டிருக்கும் கார் உன் ஊர்க் கடையில் கண்ணில் பட்டால், வாங்கி அவருக்காக எடுத்து வைக்க வேண்டும். அட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கக் கூடாது. கேட்பவனை அவர்கள் மனிதனாகவே மதிப்பதில்லை. முகம் தெரியாதவர்கள் என்பதால், இரண்டு பக்கமும் நம்பிக்கைக்காக, ஓர் இணைய விற்பனைத் தளத்தின் வழியாக அனுப்பிக்கொள்வார்கள். அவளைப் பொறுத்தவரை அது உதவி. தளத்தைப் பொறுத்தவரை ஒவ்வொன்றும் ஒரு விற்பனை.

ஒருநாள் அந்தத் தளம் ஜிஎஸ்டி எண் கேட்டது. கொடுக்கும்வரை கணக்கு நிறுத்தம் என்றது. எங்கள் வருமான வரி வேலைகளைப் பார்க்கும் ஆடிட்டரிடம் தி.நகருக்கு அவளை அழைத்துக்கொண்டு போனேன்.

"எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி, இந்த மாதிரி தளத்துல வெளி மாநிலத்துக்குப் பொருள் வித்தா பதிவு பண்ணித்தான் ஆகணும்" என்றார் அவர். "லாபம் எப்படி வருது?"

"லாபம் இல்ல அங்கிள். வாங்கின விலைக்கே குடுக்கறோம்."

"அப்ப எதுக்கும்மா விக்கற?"

"நான் விக்கல. வாங்கி வெச்சுக் குடுக்கறேன்."

"சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். பதிவு பண்ணினா ஒரு பொம்மை கூட விக்காத காலத்துக்கும் ரிட்டர்ன் போடணும், தெரியுமா? விட்டா அபராதம். யோசிச்சுக்கோ."

விட்டுவிடலாம் என்று என் வாய் வரை வந்தது. ஆனால் அவள் ஒரு புது மனிதரின் முகத்தைப் பார்த்து முழு வாக்கியங்களாகப் பேசியிருந்தாள். அதன் பிறகு எப்படிச் சொல்வது?

வாடகை வீட்டின் முகவரியில் பதிவு செய்ய, சொந்தக்காரரின் சம்மதக் கடிதமும் மின்கட்டண ரசீதும் வேண்டும். டீச்சரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகன் போனில் கத்தியது அதற்குப் பிறகு. கடை என்று பதிவானால் கரண்டு கட்டணம் வியாபாரக் கணக்குக்கு மாறும், சொத்து வரி ஏறும், குடியிருப்பவர்களைக் காலி செய்யவைக்கவே முடியாது என்றெல்லாம். "என் பையன் பயமுறுத்தறான்மா" என்று டீச்சர் படிக்கட்டடியில் நின்று சொன்னார். கடிதத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்.

இந்த நிலையில்தான் அதிகாரி வந்தார். இளம் வயது. ஹெல்மெட்டைக் கையிடுக்கில் வைத்திருந்தார், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"பயப்படாதீங்க மேடம், வெரிஃபிகேஷன்தான். போர்டு எங்க?"

"போர்டு எதுவும் வைக்கல சார்."

"போர்டா? எங்க வாசல்லயா?" என்றார் டீச்சர்.

"பேப்பர்ல பேரும் நம்பரும் எழுதி ஒட்டினாப் போதும்மா" என்று அவரைச் சமாதானப்படுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஸ்டாக் பார்க்கணும். அப்ளிகன்ட் பக்கத்துல நிக்கற மாதிரி ஒரு போட்டோ எடுக்கணும்."

விண்ணப்பம் மகள் பெயரில். நான் அறைக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. "தூங்கறாளோ என்னவோ" என்று அவரிடம் சொன்னேன். மதியம் பன்னிரண்டு மணி. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சரும் உட்கார்ந்தார். நான் கொண்டு வந்து வைத்த தண்ணீரை யாரும் தொடவில்லை. மறுபடி போய், கதவில் நெற்றியை வைத்து, "போட்டோ மட்டும்தான்டா கண்ணு" என்றேன்.

தாழ்ப்பாள் திறந்தது.

அறைக்குள் நுழைந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒரு சுவர் முழுக்க ஆணி அடித்து, பிரிக்காத அட்டைகளோடு கார்கள். "என் பையன் பார்த்தா இங்கயே இருந்துடுவான்" என்றார்.

"ஒண்ணக்கூடப் பிரிக்கலியா? அப்பறம் எப்படி விளையாடுவே?" என்றார் டீச்சர்.

"விளையாட மாட்டேன் மிஸ்" என்றாள் என் மகள், தரையைப் பார்த்தபடி.

அதிகாரி கையிலிருந்த போனில் ஏதோ தட்டினார். "இதானேம்மா ஸ்டாக்?"

"இல்ல சார். சுவத்துல இருக்கறது எதுவும் விக்கறதுக்கு இல்ல."

"அந்தப் பெட்டியில இருக்கறது?"

"அதெல்லாம் மத்தவங்களோடது. இது நாக்பூர்ல ஒருத்தருக்கு. இது குவாஹாட்டி அக்காவோடது. நான் வெச்சிருக்கேன், அவ்ளோதான்."

"சரி. அப்ப விக்கறதுக்குன்னு என்னதான் இருக்கு?"

அவள் யோசித்தாள். யாராவது ஒரு கேள்வி கேட்டால் அதை உண்மையாகவே யோசித்துப் பதில் சொல்லும் குணம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

"ஒண்ணும் இல்ல சார்."

கார் சேர்ப்பவர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். சுவரில் மாட்டியது சேகரிப்பு, எடுத்து வைத்தது இன்னொருவருடையது. நடுவில் சரக்கு என்று ஒரு வகையே அவர்களிடம் கிடையாது. "அவ சொல்றது என்னன்னா சார்..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அவள் சொன்னதைத்தான் எழுதினார். படம் எடுத்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்த இடத்தில் விற்பனைப் பொருள் எதுவும் இல்லை என்பது காரணம். "உண்மை பேச உங்க பொண்ணுக்கு வேற எடமே கிடைக்கலியா?" என்றார் ஆடிட்டர் போனில். சிரிக்கவேண்டிய விஷயம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தளம் அவள் கணக்கை மூடியது. எடுத்து வைத்த கார்களை வேறு வழியில் அனுப்பி முடித்தாள். கடற்கரைக் குழுவில் ஒரு பையன் அனுப்பிய குரல் செய்தி, கதவின் இந்தப் பக்கம் நின்ற எனக்கும் கேட்டது. "ஜிஎஸ்டி எல்லாம் போடறியாமே மச்சி? இனிமே உன்ன முதலாளின்னுதான் கூப்பிடணும். விலைய ஏத்திடாத முதலாளி." நண்பன்தான், கேலிதான். அந்த ஞாயிறு அவள் கடற்கரைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை.

மறுபடி தட்டு வெளியே வந்தது. வேலைக்குப் போன இடத்திலும் என் காது வீட்டிலேயே இருந்தது. தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டுப் பக்கமா திரும்புகிறது என்று நின்று பார்த்தேன்.

ஒரு மாலை கீழே கைதட்டல். வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

"திரும்ப எப்ப வருவாங்க அந்த ஆபீஸ்காரங்க?" என்றார் டீச்சர்.

"இனிமே வர மாட்டாங்க டீச்சர். தள்ளுபடி பண்ணிட்டாங்க. நீங்க கவலைப்படாதீங்க."

அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாடியை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பொண்ணு இத்தனை நாள்ல என்கிட்ட வாயத் திறந்தது அன்னிக்குத்தான்" என்றார். பிறகு, "மறுபடி எழுதிப் போடு. போர்ட மாடிப்படி மேல ஒட்டிக்கோ. என் வாசல்ல வேணாம். கரண்டு பில் ஏறினா நீ கட்டிடு. என் பையன் கேட்டா நான் பேசிக்கறேன்."

மேலே வந்து கதவுக்கு வெளியே நின்று அதை அப்படியே சொன்னேன். சமையலறைக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அறைக்குள் அட்டைகள் சரியும் சத்தம். எல்லாவற்றையும் பிய்த்து எறிகிறாள் என்று நினைத்து ஓடினேன். நான் போவதற்குள் கதவு திறந்தது.

"அம்மா, ஒரு அட்டைப்பெட்டி வேணும்."

சுவரில் கீழ் வரிசை முழுக்க வெறும் ஆணிகள். கழற்றிய கார்களைக் கட்டிலில் அடுக்கியிருந்தாள். மேலாக இருந்தது அந்த மஞ்சள் கார்.

"இதையுமா?"

"இதெல்லாம் எல்லாக் கடையிலயும் கிடைக்கும்மா. யாரும் தேட மாட்டாங்க. ஆனா ஸ்டாக்னு காட்ட இது போதும்."

"யாராவது கேட்டுட்டா?"

"கேட்டா குடுக்கணும்" என்றாள். "இனிமே நான் கடை."

நான் கொண்டு வந்த பெட்டியின் மேல் 'விற்பனைக்கு' என்று மார்க்கரில் எழுதினாள். எழுதி முடித்து வெகுநேரம் மூடியைத் திறந்தே வைத்திருந்தாள். அவள் ஜெயித்தாளா, எதையாவது பறிகொடுத்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆடிட்டர் மறுபடி விண்ணப்பம் போட்டார். மாடிப்படியின் மேல் சுவரில் அவள் பெயர் எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. அதிகாரி எந்த நாளும் வரலாம் என்பதால் காலையிலேயே குளித்துத் தலை வாரிக்கொண்டு விடுகிறாள். மணி அடித்தால் கேட்க வேண்டும் என்பதற்காக அறைக் கதவைச் சாத்துவதில்லை.

நேற்று மணி அடித்தது. என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. நான் குனிந்து எடுப்பதற்குள் அவள் வாசலுக்குப் போய்விட்டாள். "சார், ஸ்டாக் உள்ள இருக்கு, வாங்க" என்று அவள் சொல்வது கேட்டது. ஒத்திகை பார்த்து வைத்திருந்திருக்க வேண்டும்.

தோளிலிருந்து சிலிண்டரை இறக்கும் சத்தம். "இன்னா ஸ்டாக்கும்மா கீது உள்ள?" என்றார் கேஸ் போடுபவர்.

அவள், கார் என்று ஆரம்பித்து, அவருக்கு விளக்கத் தொடங்கினாள். நான் அடுப்படியில் நின்றபடி அவள் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திறந்துதான் இருந்தது. தாழ்ப்பாள் சத்தத்துக்காகக் காத்திருந்த காது மட்டும் இன்னும் காத்துக்கொண்டிருந்தது.