பானைக்கு விழுந்த கைதட்டல்

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரைப் பொறுத்தவரை உலகத்தில் பிறமொழி என்று ஒன்று கிடையாது. எல்லாம் தமிழ்தான், மற்றவர்களுக்கு ஒழுங்காக உச்சரிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளராக இருக்கிறார். அங்கே எதையும் அளந்து பார்க்காமல் வாய் திறக்க மாட்டாராம். கையில் மைக் கிடைத்தால் மட்டும் அந்தப் பழக்கம் எங்கே போகிறதோ தெரியாது.

என் மகள் நாங்கள் குடிவந்த இந்த நாட்டிலேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நாங்கள் குடியிருக்கும் மாசி என்ற பகுதியில் எங்களுக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் இதே கதைதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கத் தொடங்கிய பிறகு, போன வருடம் அவளாகவே வந்து, சங்க ஆண்டு விழாவில் தமிழில் பேசப்போவதாகச் சொன்னாள். நான் கேட்டதுமில்லை, கெஞ்சியதுமில்லை.

பழகுவதற்காக வீட்டிலும் தமிழே கதைத்தாள். “சாப்பிட்டியா?” என்றால் “ஓம் அம்மா” என்பாள். அந்த ‘ஓம்’ கேட்பதற்காகவே தேவையில்லாததெல்லாம் கேட்டுக்கொண்டு அவள் பின்னால் திரிந்தேன்.

விழா மனுகாவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஐரோப்பியர் p, a, n என்று மூன்று எழுத்தில் எழுதுகிற ‘பான்’ என்ற ஒரே சொல்லைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் அது சமைக்கிற சட்டி, ஸ்பானிய மொழியில் நாங்கள் பாண் என்கிற ரொட்டி, போலந்தில் ‘ஐயா’. எழுத்து ஒன்று, ஆனால் வந்த வழி வேறு வேறு என்றாள். “மனுகா ஷொப்பிங் மோலில ஒரே ஜாக்கெட் போட்ட மூண்டு பேரைக் கண்டால், அவையள் சகோதரம் எண்டு சொல்லுவமா?” என்று கேட்டாள். எங்கள் பாண் மட்டும் போர்த்துக்கேயர் வழியாக ஸ்பானியச் சொல்லுக்கு உறவு என்று முடித்தாள். ளகரம் கொஞ்சம் வழுக்கியது. அதனாலென்ன, நான் அழுதுவிட்டேன்.

அவள் மேடையை விட்டு இறங்குவதற்குள் தலைவர் மைக்கை வாங்கினார்.

“பிள்ளை வெள்ளைக்காரன் சொல்லிக் குடுத்ததைக் கதைச்சிட்டுது. சட்டி எங்கட பானை. பானையில வைச்சுச் சுட்டது பாண். வீட்டில பானை வைச்சிருந்தவனைத்தான் போலந்துக்காரன் ஐயா எண்டு கூப்பிட்டவன். பிள்ளைக்குப் பானை எண்டால் என்னெண்டு தெரியுமோ?”

மண்டபம் சிரித்தது. “தெரியும், ஆனால்...” என்று மகள் தொடங்கினாள். மைக் அவர் கையில் இருந்தது. பிறகு கைதட்டல், கூரை கிழிகிற மாதிரி. பாணைப் பானையில் சுட்டதை வாழ்நாளில் ஒருவரும் கண்டதில்லை, ஆனாலும் தட்டினார்கள். பட்டம் பெற்றவர்களும், பட்டம் கொடுக்கிற இடத்தில் வேலை செய்பவர்களும் எழுந்து நின்று தட்டினார்கள். பிள்ளை வாய் திறந்து தமிழ் கதைத்ததற்கு அதில் பாதிகூட விழவில்லை. இந்தக் கூட்டத்துக்குத் தமிழ் வேண்டாம், தமிழைப் பற்றிய பெருமை மட்டும் போதும்.

முன்வரிசையில் இருந்த தலைவரின் மகன், “அப்பா என்ன சொன்னார்?” என்று ஆங்கிலத்தில் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டான். அவனைப் பெற்றவர்தான் ஐரோப்பாவுக்கே தமிழ் கொடுக்கப் புறப்பட்டவர்.

இந்த வருடமும் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். இளையோர் சார்பில் மகள் பேச வேண்டுமாம். போனை அவளிடம் கொடுத்தேன். மரியாதையாக, ஆங்கிலத்தில், மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“பாத்தீங்களே தங்கச்சி,” என்றார் தலைவர். “இங்க பிறந்த பிள்ளையளுக்குத் தமிழ்ப் பற்றே இல்லை.”

போனை வைத்தேன். மகள் தன் அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.

“யா, மம்,” என்றாள்.