மச்சான் உட்கார்ந்த லிண்டல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு இந்த வட்டாரத்தில் கதவு ஜன்னலுக்கு மேலே கிடக்கும் லிண்டல்களில் பாதி என் பட்டறையில் வார்த்தவை. பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் எழுத வந்தது என் மனைவியின் தம்பியைப் பற்றி.

மச்சான் லாரியில் கிளீனராக இருந்தான், தியேட்டரில் டிக்கெட் கிழித்தான், எங்கும் ஒட்டவில்லை. கடைசியில் என் தலையில் வந்து விழுந்தான். உடம்பு மட்டும் தாராளம். அதற்கும் நான் ஒரு உத்தியோகம் கண்டுபிடித்தேன். புது லிண்டலை இரண்டு கல்லின் மேல் வைத்து, வாங்க வந்தவர் முன்னால் அவனை நடுவில் உட்கார வைப்பேன். அவன் டீ குடித்து முடிப்பதற்குள் வியாபாரம் முடிந்துவிடும்.

உட்கார்ந்து உட்கார்ந்தே அவனுக்கு ஞானம் பிறந்துவிட்டது. பலமெல்லாம் கான்கிரீட்டில்தான், கம்பி சும்மா ஒப்புக்கு என்று பேசித் திரிந்தான். நான் சொல்லி எதைக் கேட்டான்? தன் மகள் கட்டும் வீட்டுக்கு ஒல்லிக் கம்பி ஒன்றே ஒன்று போட்டு நாலைந்து லிண்டல் வார்த்து, ஒன்று போக மீதியைச் சுவரிலும் ஏற்றிவிட்டான். மறுநாள் அவற்றின் மேல் கூரை போட வேண்டும். மகளோ கட்டடப் படிப்பு படித்தவள். மிச்சமிருக்கும் ஒன்றை என் கண்ணெதிரே உடைத்துப் பாருங்கள், அப்புறம்தான் கூரை என்று பட்டறைக்கே வந்து நின்றாள்.

மச்சான் டீயோடு ஏறி உட்கார்ந்தான். மடியில் ஒரு சிமெண்ட் மூட்டை, பக்கத்தில் ஒன்று.

"எங்கே, ஒரு கீறல் காட்டு பார்ப்போம்."

"கீறலே விழலையேன்னுதான்பா பயமா இருக்கு."

மூன்றாவது மூட்டையை வைத்தோம். ஒரு முனகல்கூட இல்லாமல் லிண்டல் படக்கென்று இரண்டாகப் போனது. கான்கிரீட் கைவிட்ட பாரத்தை அந்த ஒல்லிக் கம்பி ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. மச்சான் தரையில், டீ சட்டையில்.

அடுத்து என் லிண்டலை வைத்தோம். தடித்த கம்பி இரண்டு போட்டது. மச்சான் கிட்டே வரவில்லை. முன்னது உடைந்த பாரத்திலேயே இதிலும் மயிரிழைக் கீறல் விழுந்தது. மூட்டைகளை ஏற்ற ஏற்றக் கீறல்கள் வாய் திறந்தன, நடுவே தொய்ந்தது. விழவில்லை. உங்கள் சரக்கு பல்லை இளிக்கிறதே மாமா என்று அந்த வலியிலும் என்னைக் கிண்டலடித்தான். அதற்குள் மகள் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"இறங்குடி, உடையப் போகுது."

"உடையப் போகுதுன்னு தெரியுதுல்ல? எழுந்து ஓட நேரம் இருக்குப்பா. உங்களுக்கு இருந்துச்சா?"

 மச்சான் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடியே அவள் வீட்டுக்கு நடந்தான். கூரை போட வரவிருந்த ஆட்களுக்கு வேண்டாமென்று நானே சொல்லி அனுப்பினேன். லிண்டல்களை வேறு யாரையும் தொடவிடாமல் தானே இடித்து இறக்கினான். உட்கார முடியாததால் நின்றபடியே புதுக் கம்பி கட்டினான். அவள் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் கான்கிரீட் கொட்டினான்.